தாத்தாவின் காபித் தோட்டத்தில் தனியாக டென்ட் போட்டுத் தங்கப் போகிறேன், ராத்திரி விலங்குகளுக்கு என்ன செய்வது?

மதுரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் பக்கம் தாண்டிக்குடிக்குக் கீழே என் தாத்தாவுக்கு இரண்டரை ஏக்கர் காபித் தோட்டம் இருந்தது. போன வருடம் அது என் பெயருக்கு வந்தது. தாத்தா போய் ஒன்பது வருடம் ஆகிறது, அதற்கப்புறம் அங்கே யாரும் ராத்திரி தங்கியதில்லை. காபிச் செடிகள் மேல் உண்ணிச்செடி ஏறிவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி மட்டும் நன்றாக இருக்கிறது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடு கூரை விழுந்து மூன்று சுவரோடு நிற்கிறது. வீட்டுக்கு முன்னால் காபி காயப் போடும் சிமென்ட் களம் விரிசல் விட்டாலும் முழுசாக இருக்கிறது.

தோட்டத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. மதுரையிலிருந்து வத்தலகுண்டு வழியாக பஸ் பிடித்துப் போய், அதே நாளில் திரும்ப வேண்டுமென்றால் நாலு மணி நேரம்தான் கையில் மிஞ்சுகிறது. அதனால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கேயே தங்குவது என்று முடிவு செய்து ஒரு டென்ட் வாங்கிவிட்டேன். எனக்கு 34 வயது. மனிதர்களைப் பற்றிப் பயம் இல்லை. அரை கிலோமீட்டரில் சித்தப்பா முறை உள்ள குடும்பம் இருக்கிறது, சுற்றி எல்லோரும் தெரிந்தவர்கள். ஆனால் சித்தப்பா வீட்டில் பிரசவித்த மகளும் குழந்தையும் இருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் அங்கே போய்ப் படுக்க மனம் வரவில்லை.

பயம் விலங்குகள்தான். சித்தப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காட்டுமாடு தினமும் வரும். பன்றி வரும். பலாப்பழ நேரத்தில் ஆனை வரும். கரடி எப்போதாவது வரும். போன மாசியில் சிறுத்தை பக்கத்துத் தோட்டத்து நாயைத் தூக்கிக்கொண்டு போனது. களத்தை ஒட்டியே ஒரு பெரிய பலா மரம் நிற்கிறது. கீழே ஓடை. ஓடைக்கு இறங்கும் வழியில் காய்ந்த ஆனைச் சாணம் பார்த்தேன்.

என் திட்டம் இது. மூன்று சுவர் இருக்கிறதே, அதற்கு நடுவில் டென்ட் போட்டால் மூன்று பக்கம் பாதுகாப்பு, நாலாவது பக்கம் தீ மூட்டிக்கொள்ளலாம். சித்தப்பா வீட்டு நாயையும் கூட்டி வந்து கட்டிக்கொள்ளலாம். இது சரியா? ராத்திரி ஏதாவது வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "போகாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை அம்மா தினமும் சொல்கிறார்.


கொழுக்குமலை ரைடர்:

நல்ல முடிவு, வாழ்த்துகள். நான் கொழுக்குமலை, வாகமண் பக்கம் ஏழெட்டு முறை டென்டில் தங்கியிருக்கிறேன். தீ அணையாமல் பார்த்துக்கொண்டால் எந்த விலங்கும் கிட்டே வராது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடட்டும். நாய் இருந்தால் இன்னும் நல்லது, முன்கூட்டியே குரைத்துவிடும். டென்டைச் சுற்றி உப்பும் பூண்டும் போட்டால் பாம்பு வராது என்று எங்களுக்குச் சொன்னார்கள், நாங்கள் செய்வோம். நாலு பட்டாசும் வைத்துக்கொள்ளுங்கள்.


சௌசௌ பந்தல்:

தங்கச்சி, நான் பாச்சலூர் பக்கம். சௌசௌ, காபி, மிளகு, கொஞ்சம் மலைவாழை. 22 வருடம் ராத்திரிக் காவல் இருந்திருக்கிறேன், பரணிலும் இருந்திருக்கிறேன், தரையிலும் இருந்திருக்கிறேன். போகாதே என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் ஆள் படுத்தால்தான் தோட்டம் நிற்கும். ஆனால் மேலே தம்பி சொன்னதில் முக்கால்வாசியை நீங்கள் செய்யக் கூடாது. கொழுக்குமலையில் பத்து டென்ட், முப்பது பேர், கூட்டமும் சத்தமும் இருக்கும். உங்கள் இடம் ஒன்பது வருடம் ஆள் படுக்காத இடம். இப்போது அது விலங்குகள் நடந்து பழகிய வழி. அவை போகும் வழியில் போய் நாம் படுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும். பந்தலில் பன்றி புகுந்து கொடியை வேரோடு சாய்த்துக்கொண்டிருந்ததால் நாலு கம்பு நட்டு தார்ப்பாய் கட்டி உள்ளே படுத்தேன். அன்றைக்குத்தான் ரேஷனில் அரிசி வாங்கி வந்திருந்தேன், வீட்டுக்குப் போக நேரமில்லாமல் மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. சத்தத்தில் இல்லை, ஓடைப் பக்கம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் சட்டென்று நின்றதில். ஆனை நடக்கும் சத்தம் கேட்காது, கால் அடி மெத்தை மாதிரி. எனக்குக் கேட்டது அதன் வயிறு இரைவதுதான், தூரத்தில் லாரி ஏற்றத்தில் முக்குகிற மாதிரி. அப்புறம் தார்ப்பாயின் ஓரம் மெல்ல எழும்பியது. தும்பிக்கை நுனி உள்ளே வந்தது. முழங்கால் பக்கம் போர்வையைத் தொட்டது, ஈரமாக, சூடாக மூச்சு விட்டுக்கொண்டு. மென்ற புல்லும் மூத்திரமும் கலந்த வாடை. போர்வையை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி வந்து மூட்டையைச் சுற்றிப் பிடித்தது. மூட்டை என் காதை உரசிக்கொண்டு வெளியே போனது. கொட்டகைக்குப் பத்தடி தள்ளி நின்று விடியும் வரை சாப்பிட்டது. நான் விடியும் வரை புரண்டுகூடப் படுக்கவில்லை.

அது என்னைத் தேடி வரவில்லை, அரிசியைத் தேடி வந்தது. 2023ல் சின்னக்கானலில் பிடித்த ஆனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று தின்றுதான் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயரே வந்தது. பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கிருந்து மேகமலை வந்து மே மாதக் கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே நுழைந்தது. கடைசியில் ஜூன் மாதம் பிடித்து முண்டந்துறைப் பக்கம் விட்டார்கள். அரிசி, உப்பு, வாழைப்பழம், பலா, வெல்லம், சாராய ஊறல் வாடை, இவ்வளவுக்கும் ஆனை வரும். டென்டுக்குள் ஒரு வாழைப்பழத் தோல்கூட இருக்கக் கூடாது. சாப்பாட்டைச் சித்தப்பா வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள், இல்லை பொட்டலம் வாங்கி வந்து வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு, இலையைப் புதைக்காமல் அவர்கள் வீட்டுக் குப்பையிலேயே போட்டுவிடுங்கள். புதைத்தால் பன்றி தோண்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. மலையில் பகல் காற்று கீழிருந்து மேலே ஏறும். பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் காற்று மேலிருந்து கீழே இறங்கும், பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி. நீங்கள் ஏழு மணிக்குச் சோறு வடித்தால் அந்த வாசனை நேராக ஓடைக்குப் போகும். ஆனை நிற்பதும் ஓடையில்தான். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஒரு சிட்டிகை சாம்பலை விரலில் எடுத்து விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும்.

இப்போது இடம். சுவருக்குள் போடாதீர்கள். ஒன்பது வருடம் இடிந்து கிடக்கிற கல் குவியலில் என்ன குடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விரியனும் தேளும் அங்கேதான். ஈரத்தில் ஊறிய மண் சுவர், காட்டுமாடு ஒரு தடவை உடம்பைத் தேய்த்தால் உங்கள் மேல் விழும். அது மட்டுமில்லை, மூன்று பக்கம் அடைத்து நாலாவது பக்கம் தீ வைத்துக்கொண்டால் நீங்கள் எங்கே ஓடுவீர்கள்?

களத்தில் போடுங்கள். சிமென்ட் தரை, புல் இல்லை, நாலு பக்கமும் டார்ச் வெளிச்சம் எட்டும், ஏதாவது ஊர்ந்து வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஆணி இறங்காது, அதனால் சாக்கில் மண் நிரப்பி ஆறு மூலையிலும் வைத்துக் கயிற்றைக் கட்டுங்கள். பலா மரத்துக்கும் ஓடை இறக்கத்துக்கும் எதிர்ப் பக்கமாக, களத்தின் மேல் ஓரத்தில். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேர்கோடுதான் ஆனை வழி, அதன் மேல் படுக்கக் கூடாது. வெளிச்சத்தில் ஒரு தடவை சுற்றி நடந்து பாருங்கள். மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு அப்பியிருந்தால் ஆனை உரசிய மரம். சாணத்தைக் குச்சியால் பிளந்து பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குச் சித்தப்பா வீடு. வைகாசி பிறந்து ஆடி முடியும் வரை, மரத்தில் பலா இருக்கும் வரை, ராத்திரி அங்கே தங்க வேண்டாம். இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

டென்டுக்குள் படுத்திருக்கும்போது ஆபத்து குறைவு. இருட்டில் நீங்கள் வெளியே கால் வைக்கிற அந்த இரண்டு நிமிஷத்தில்தான் எல்லாம் நடக்கிறது. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம், எஸ்டேட்டில் டென்ட் போட்டுத் தங்கியிருந்த ஒரு பெண்ணை ஆனை கொன்றுவிட்டது. கழிவறை போய்த் திரும்பும்போது என்று செய்தியில் வந்தது. சின்ன வயசு. படித்துவிட்டு நான் ஒரு வாரம் பரணுக்குப் போகவில்லை. அதனால் கூச்சப்படாமல் ஒரு மூடி போட்ட வாளியை டென்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். விடியும் வரை ஜிப்பைத் திறக்க வேண்டிய வேலையே இருக்கக் கூடாது. சிறுத்தை விஷயத்திலும் இதுதான். நிமிர்ந்து நிற்கிற ஆளை அது பெரும்பாலும் ஒதுங்கிப் போகும், இருட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கிற உருவம்தான் அதற்கு இரை மாதிரி தெரியும்.

நாய் வேண்டவே வேண்டாம். சிறுத்தை ஊருக்குள் வருவதே நாய்க்காகத்தான். கட்டிப் போட்ட நாய் ஓடவும் முடியாது. பாவம் அது. அவிழ்த்துவிட்டால் ஆனையைப் பார்த்துக் குரைத்துவிட்டு உங்களிடம்தான் ஓடி வரும், பின்னால் ஆனையும் வரும்.

தீயை நம்பாதீர்கள். தூங்கிவிட்டால் அணைந்துவிடும், தூங்காமல் இருந்தால் மறுநாள் வேலை செய்ய முடியாது. மாசி பங்குனியில் நம் மலையில் புல் எண்ணெய் மாதிரி பிடிக்கும். 2018 மார்ச் 11ல் குரங்கணியில் பிடித்த தீயில் 23 பேர் போனார்கள். நம் பட்டா நிலமாக இருந்தாலும் ஒரு பொறி எல்லைக் கல்லைத் தாண்டினால் அது வனத்துறைக் காடு. காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம், விறகுக்காகக்கூட அந்தப் பக்கம் போகாதீர்கள். பட்டாசும் வேண்டாம். தனி ஆள் வெடித்தால் ஆனை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. மசினகுடியில் எரிகிற டயரை ஆனை மேல் எறிந்தார்களே, காது வெந்து அது செத்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மின்சார வேலியும் யாராவது சொல்வார்கள். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுத்தால் ஆனையும் சாகும், காலையில் வருகிற சித்தப்பாவும் சாவார்.

ஏதாவது வந்தால்? காட்டுமாடு என்றால் மேய்ந்துவிட்டுப் போகும், இருமுகிற சத்தம் கொடுத்தாலே போதும், விலகிவிடும். பன்றியும் அப்படித்தான். கரடிக்குக் கண்ணும் காதும் மட்டு, திடீரென்று ஆளைப் பக்கத்தில் கண்டால்தான் பாயும், பாய்ந்தால் முகத்தைத்தான் பிடிக்கும். அதனால் சாயங்காலமும் விடிகாலையும் நடக்கும்போது பேசிக்கொண்டோ கம்பைத் தட்டிக்கொண்டோ நடங்கள். ஆனை என்றால் டென்டுக்குள் எரிகிற விளக்கை அணையுங்கள், பேசாதீர்கள், அசையாதீர்கள். டார்ச்சை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். ஒருவேளை நீங்கள் வெளியே இருந்து அது உங்களை நோக்கி வந்தால், கையில் இருக்கிற பையையோ துண்டையோ கீழே போட்டுவிட்டு, களத்துச் சுவரோ பெரிய பாறையோ நடுவில் வருகிற மாதிரி விலகுங்கள். நேர் ஓட்டத்தில் அதை ஜெயிக்க முடியாது.

வால்பாறையில் 2011லிருந்து ஆனை நிற்கிற இடத்தைப் போனில் செய்தியாக அனுப்புகிறார்கள், தோட்டங்களில் உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு எரியவிடுகிறார்கள். அங்கே ஆட்கள் செத்ததில் பாதிக்கு மேல் ஆனை பக்கத்தில் இருப்பது தெரியாமல் போய் முட்டிக்கொண்டதுதான் என்று அந்த வேலை செய்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அந்த விளக்கு இல்லை. உங்கள் பக்கத்து வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், போகும்போதெல்லாம் "அண்ணே, கூட்டம் எங்கே நிற்கிறது" என்று கேட்டுவிட்டு மலை ஏறுங்கள். என்னிடம் கேட்டால் அந்த ஒரு போன் நூறு பட்டாசுக்குச் சமம்.


இரவுப் பணி:

நான் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தோழி, நீங்கள் ஆனையையும் சிறுத்தையையும் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வார்டுக்கு அவற்றால் வருகிறவர்கள் மிகக் குறைவு. பாம்புக்கடி வாராவாரம் வரும். நம் நாட்டில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2020ல் ஓர் ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

உங்களுக்கு நான் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. கறுப்பு உடம்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் அது இருக்கும் இடமே தெரியாது, ராத்திரிதான் நடமாட்டம். தரையில் தூங்குகிறவர்களின் படுக்கைக்குள்ளேயே வந்துவிடும். கடித்தால் வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது. பல பேருக்கு எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரிவதில்லை.

ஒரு முறை விடிகாலை நாலு மணிக்கு ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள். வயிற்று வலி என்று சொன்னார்கள். கொட்டகையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர். மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் என்னோடு பேசும்போது தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். "இமை தூக்க மாட்டேங்குதும்மா" என்றார். இரண்டு இமையும் பாதிக் கண்ணை மூடியிருந்தன. எச்சில் விழுங்கவும் சிரமப்பட்டார். உடம்பு முழுவதும் தேடியதில் முழங்கையில் இரண்டு புள்ளி, கொசுக்கடி போல. விஷமுறிவு மருந்தோடு செயற்கை சுவாசமும் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்தோம். நடந்து வீட்டுக்குப் போனார்.

அதனால் தரையில் படுக்காதீர்கள். மடக்குக் கட்டில் ஒன்று டென்டுக்குள் போகும் அளவில் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். ஜிப் கடைசிப் பல் வரை மூடியிருக்க வேண்டும், உள்ளே போனதும் போர்வையை உதறிப் பார்த்துவிட்டுப் படுங்கள். செருப்பு, ஷூ எல்லாம் டென்டுக்குள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் கால் நுழைக்க வேண்டும், செந்தேள் அதற்குள்தான் போய் ஒண்டும். உப்புக்கும் பூண்டுக்கும் பாம்பு பயப்படாது. எலிக்காகத்தான் பாம்பு வரும், எலி சாப்பாட்டுக்காக வரும். அண்ணன் அரிசி வேண்டாம் என்றது இதற்கும் பொருந்தும்.

கடித்துவிட்டால், கடித்ததோ என்று சந்தேகம் வந்தாலே, மோதிரம் வளையலைக் கழற்றுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை கால் ஆடாமல் ஒரு கம்பு வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றிக்கொண்டு 108க்கும் சித்தப்பாவுக்கும் போன் செய்யுங்கள். நீங்களாக நடந்து இறங்கக் கூடாது, அவர்கள் தூக்கிப் போக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அந்த மருந்து வேலை செய்யாது, அவற்றுக்கு வேறு விதமான கவனிப்பு வேண்டும், அதனால் தொலைவில் இருந்து நிறத்தை மட்டும் பார்த்துவைத்துக்கொண்டால் போதும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, ராத்திரி யார் இருப்பார்கள் என்று போகும் முன்பே ஒரு நடை விசாரித்துவிடுங்கள்.

போனில் சிக்னல் களத்தில் கிடைக்கிறதா? அதைச் சொல்லவே இல்லையே.


மதுரைக்காரி:

அண்ணே, அக்கா, இருவருக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டு பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அரிசி மூட்டை காதை உரசிய இடத்தில் அம்மா எழுந்து போய்விட்டார், திரும்பி வந்து "கட்டில் வாங்கிட்டியா" என்று மட்டும் கேட்டார்.

சிக்னல் களத்தின் மேல் ஓரத்தில், பழைய தண்ணீர்த் தொட்டிப் பக்கம், ஒரு கோடு கிடைக்கிறது. அண்ணன் டென்ட் போடச் சொன்ன அதே ஓரம். ஏழு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் சித்தப்பாவுக்கு மெசேஜ் போட வேண்டும், ஆறரை வரை வராவிட்டால் அவர் கிளம்பி வருவார் என்று பேசிவைத்திருக்கிறோம். சுகாதார நிலையத்தில் விசாரித்தேன், மருந்து இருக்கிறது. அண்ணே, ஒரு சந்தேகம். ராத்திரி முழுக்க ஒரு சோலார் விளக்கு எரியவிடலாமா? இருட்டு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை.


சௌசௌ பந்தல்:

எரியவிடலாம். டென்டுக்குள் இல்லை, தண்ணீர்த் தொட்டி மேல், வெளிச்சம் களத்துப் பக்கம் விழுகிற மாதிரி. உள்ளே விளக்கு இருந்தால் வெளியே எதுவும் உங்களுக்குத் தெரியாது, உங்கள் நிழல் மட்டும் எல்லாவற்றுக்கும் தெரியும். வெளிச்சம் இருக்கிறது என்று விலங்கு வராது என நினைக்காதீர்கள். அது உங்கள் மனசுக்கு. மனசு நிதானமாக இருந்தால் ஜிப்பைத் திறக்க மாட்டீர்கள், அதனால் அதுவும் வேண்டியதுதான்.


மதுரைக்காரி:

போய்த் தங்கிவிட்டு வந்துவிட்டேன். புரட்டாசி முதல் சனி. காவலர் அண்ணனுக்குப் போன் செய்தேன், கூட்டம் பெரும்பாறைப் பக்கம் நிற்கிறது, தைரியமாக இருங்கள் என்றார். பகலில் உண்ணிச்செடியில் பாதி வெட்டினோம். ஐந்தரைக்குச் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டேன்.

ஒன்பது மணி வரை ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் தூங்கிவிட்டேன். மூன்று மணி போல் ஏதோ புஸ்ஸென்று மூச்சு விட்டது, ரொம்பக் கிட்டே. புல்லைப் பிடுங்கும் சத்தம், மெல்லும் சத்தம். களத்து விளிம்பில் குளம்பு சிமென்டில் தட்டியது. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நிழல் விளக்கை மறைத்துக்கொண்டு போனது, திரும்ப விளக்கு தெரிய எவ்வளவோ நேரம் ஆனது போல இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரி இருமலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. ஜிப்பைத் திறக்கவில்லை. அது மட்டும் செய்தேன்.

காலையில் ஐந்து மாட்டின் தடம் எண்ணினேன். குளம்பு ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விரித்தாலும் மூடவில்லை. ஒரு மண் சாக்கு இரண்டடி தள்ளிக் கிடந்தது, அந்தப் பக்கக் கயிறு தொய்ந்திருந்தது. தாத்தா நட்ட மிளகை அவை தொடவில்லை. மறுபடி அடுத்த மாதம் போகிறேன். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.


சௌசௌ பந்தல்:

கயிற்றில் கால் தடுக்கியிருக்கிறது தங்கச்சி. தடுக்கினால் மிரளும், மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. கயிறு ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கிழித்து முடிச்சுப் போடுங்கள், சாக்கை டென்டை ஒட்டியே வையுங்கள், கயிறு ஒரு முழத்துக்கு மேல் வெளியே நீளக் கூடாது. ஐப்பசியில் இடி இருந்தால் களத்தில் வேண்டாம், அன்றைக்குப் பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, சித்தப்பா வீட்டுத் திண்ணை. மிளகுக்குப் போர்டோ கலவை (மழைக்கால அழுகல் நோய்க்கு அடிக்கும் துத்தமும் சுண்ணாம்பும்) அடித்துவிட்டீர்களா? மழை முழுசாகப் பிடிப்பதற்குள் அடிக்க வேண்டும்.